மட்டம் பார்க்கிற வித்தை

மேட்டூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்திரிகை கைக்கு வந்ததும் தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார்கள். எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், நாலே வரியில் அடங்கிக் கிடக்கிற அணை நிலவரத்தைத் தேடுவார்கள். நீர்மட்டம் இத்தனை அடி. வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி. வெளியேற்றம் இத்தனை கனஅடி. அதைப் படித்து முடித்த பிறகுதான் உலகத்தில் வேறு என்ன நடந்தது என்ற விசாரணையெல்லாம்.

எங்கள் வீட்டில் அதை உரக்கப் படிப்பது என் வேலை. அப்பா திண்ணையில் க்ஷவரம் செய்துகொண்டே கேட்பார். மட்டம் ஏறியிருந்தால் "ம்" என்பார். இறங்கியிருந்தாலும் "ம்" என்பார். இரண்டு "ம்"முக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு சென்ட் நஞ்சை கிடையாது. மட்டம் ஏறி எங்களுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. இருந்தாலும், 1934-இல் கட்டி முடித்த அந்த அணை 120 அடியைத் தொடுகிறது என்றால் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். தஞ்சாவூர்க்காரன் நாற்றுவிட நாள் பார்ப்பது இந்த எண்ணை வைத்துத்தானே, அந்த எண் நம் ஊர் எண்ணாயிற்றே என்ற பெருமை.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அறுபத்தாறாவது வயதில் நான் இன்னொரு மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பங்கு விலையின் மட்டம். கற்றுக்கொண்ட கையோடு என் தங்கையின் பணத்தில் 57,000 ரூபாய்ச் சொச்சத்தைத் தொலைத்தேன்.

தங்கை மேட்டூரிலேயே, சேலம் கேம்ப்பில் இருக்கிறாள். நான் சேலத்தில். 2024 தை மாதத்தில் அவள் மேச்சேரிப் பாதையில் இருந்த மனையில் பாதியை விற்றாள். இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படியைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற நிலைமை. டாக்டர் இரண்டு காலுக்கும் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆடிப்பெருக்கு கழியட்டும், ஐப்பசி கழியட்டும் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மனை விற்ற பணத்தில் 4 லட்ச ரூபாயை என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணா, இதை நீ வச்சிரு. பையன் கண்ணுல பட்டா ஷேர்ல போட்ருவான். உனக்குத்தான் அந்த எழவெல்லாம் ஒண்ணும் தெரியாது."

என் அறியாமையை நம்பி ஒருவர் என்னிடம் பணம் கொடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த நம்பிக்கைக்கு நான் பாத்திரமாக இருந்திருக்கலாம்.

பையன் என்பவன் அவள் ஒரே மகன், என் மருமகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வாரத்தில் பாதி நாள் மேட்டூர் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறான். அவனுக்கு என் எழுத்துக்களின்மேல் ஒரு குறை உண்டு. "மாமா, நீங்க பன்னிரண்டு நாவல் எழுதிட்டீங்க. ஒண்ணுலகூட ஒருத்தனுக்கும் பணம் வர்ற இடமே இல்லையே! எல்லாரும் நஷ்டப்பட்டுக்கிட்டே இருக்காங்க" என்பான். நியாயமான விமரிசனம். அடுத்த நாவலில் பங்குச் சந்தைக்காரன் ஒருவனைக் கொண்டுவருகிறேன், சொல்லிக் கொடு என்றேன். எழுத்தாளனுக்கு இது ஒரு சௌகரியம். எந்த வேண்டாத வேலையில் இறங்கினாலும், நாவலுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் தலைமுறைக்குப் பங்குச் சந்தை என்றால் ஒரே ஞாபகம்தான். 1992-இல் ஹர்ஷத் மேத்தா காலம். ஏ.ஸி.ஸி. சிமெண்டுப் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரம் அளவுக்கு ஏறியது, பிறகு சரிந்தது. எங்கள் ஆபீசில் ஒருவர் பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கிப் போட்டுவிட்டு ஆறு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். அதற்கும் முந்திய ஞாபகம் அப்பாவின் தகரப்பெட்டி. 1936-இல் ஆரம்பித்த மேட்டூர் கெமிக்கல்ஸில் அவருக்கு வேலை. அந்தக் கம்பெனியின் பத்துப் பங்குக்கான பத்திரம் பெட்டியின் அடியில், எங்கள் ஜாதகங்களோடு ஜாதகமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த காகிதம். விற்கவேண்டுமானால் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பி, மதராஸ் சந்தையில் யாரோ ஒரு தரகர் தயவுக்குக் காத்திருக்கவேண்டும். அப்பா விற்கவே இல்லை. விலை என்ன என்றுகூட அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1996-இல் சட்டம் வந்து அந்தக் காகிதங்களெல்லாம் கணக்கில் எண்களாக மாறின. 1937-இல் புதுப்பித்துத் தொடங்கிய மதராஸ் சந்தையும் 2015-இல் கதவைச் சாத்திவிட்டது. இப்போது தரகர், தபால், பெட்டி எல்லாம் கைப்போனுக்குள் இருக்கின்றன.

மருமகன் முதலில் காட்டியது விலைப்படம் இல்லை. ஒரு பங்குக்கு எதிரே இரண்டு பத்தி எண்கள். இடது பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள் கேட்கும் விலை. வலது பக்கம் விற்கக் காத்திருப்பவர்கள் சொல்லும் விலை. வாங்குகிறவன் 201 என்கிறான். விற்கிறவன் 201 ரூபாய் 10 காசு என்கிறான். யாராவது ஒருவர் பத்துக் காசு இறங்கிவந்தால் வியாபாரம் முடிந்தது. அந்த விலை அப்போதே படத்தில் ஒரு புள்ளியாகிவிடுகிறது.

மேச்சேரி ஆட்டுச் சந்தைக்கு நான் சிறுவயதில் பெரியப்பாவோடு போயிருக்கிறேன். அங்கே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இங்கே துண்டை எடுத்துவிட்டார்கள். காலை 9.15-லிருந்து மாலை 3.30 வரை எல்லா விரலும் எல்லாருக்கும் தெரிகிறது. அதனாலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்ற மயக்கமும் வருகிறது.

அடுத்தது மெழுகுவத்தி. பங்கு விலையை மெழுகுவத்தி வடிவத்தில் வரைகிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு வத்தி. காலையில் திறந்த விலைக்கும் மாலையில் மூடிய விலைக்கும் இடையில் உள்ளது அதன் உடம்பு. நடுவில் விலை எட்டிய உச்சமும் தொட்ட அடிமட்டமும் மேலும் கீழும் திரி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். திறந்ததைவிட உயர்ந்து மூடினால் பச்சை. தாழ்ந்து மூடினால் சிவப்பு. உடம்பு சின்னதாகவும் திரி நீளமாகவும் இருந்தால் அன்றைக்குச் சந்தையில் பெரிய சண்டை நடந்து, யாருக்கும் வெற்றியில்லாமல் கலைந்தது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க நடந்த இழுபறியை நாலே எண்ணில் அடக்கிவிட்ட சாமர்த்தியத்தை நான் வியந்தேன். ஒரு சிறுகதைக்காரன்கூட அப்படி அடக்கமாட்டான்.

இந்த வித்தை ஜப்பானிலிருந்து வந்தது. ஒஸாகாவில் டோஜிமா என்ற இடத்தில் அரிசிச் சந்தை. பிரபுக்களின் கிடங்கில் இருக்கும் அரிசிக்குச் சீட்டு எழுதி, அந்தச் சீட்டையே வாங்கி விற்பார்கள். இன்னும் அறுவடையாகாத அரிசிக்குக்கூட விலை பேசுவார்கள். 1730-இல் ஷோகன் அரசாங்கம் இதற்கு அனுமதியே கொடுத்தது. அந்த நூற்றாண்டில் சகாட்டா என்ற ஊரில் ஹோம்மா முனெஹிஸா என்றொரு அரிசி வியாபாரி இருந்தார். மெழுகுவத்திப் படத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். படம் அவருக்கும் பிந்தியது என்று சாதிக்கிற ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. எப்படியானால் என்ன, அரிசியைப் பற்றிய கவலையில் பிறந்த படம் என்று கேட்டதும் எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. நம் அணை மட்டமும் அரிசிக் கவலைதானே!

மாசி, பங்குனி இரண்டு மாதமும் பாடம் நடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் பஸ் ஏறிவிடுவேன். தங்கை, அண்ணனுக்கு வயதான காலத்தில் கூடப்பிறந்தவள்மேல் பாசம் பெருகிவிட்டது என்று எண்ணி வறுத்த மீனும் ரசமுமாக வைத்தாள். அவளுக்குத் தெரியாமல் நாங்கள் மொட்டைமாடியில் படித்தோம். அவளால் மாடி ஏற முடியாது என்பது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அப்படித்தான்.

மருமகன் நல்ல ஆசிரியன். ஒரே பங்கை ஐந்து நிமிஷப் படமாகக் காட்டினான், விழுந்துகொண்டே இருந்தது. நாள் படமாகக் காட்டினான், ஏறிக்கொண்டிருந்தது. வாரப் படமாகக் காட்டினான். இரண்டு வருஷமாக இருந்த இடத்திலேயே இருந்தது. "இதுல எது மாமா உண்மை?" என்றான். மூன்றும்தான். இன்னொரு நாள், கொல்லிமலை மாதிரி செங்குத்தாக ஏறுகிற ஒரு படத்தைக் காட்டி, ஓரத்தில் இருந்த எண்களைப் படிக்கச் சொன்னான். அடியில் 198, உச்சியில் 202. நாலு ரூபாயை மலையாகக் காட்ட அந்தப் படத்துக்குத் தெரிகிறது. பூஜ்யத்திலிருந்து வரைந்தால் அது வயல் வரப்புதான்.

இருநூறு நாள் விலைகளின் சராசரியைக் கோடாக இழுத்து, விலை அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. விலை கீழே வரும்போதெல்லாம் ஏதோ ஒரு இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டுத் திரும்பினால் அதைத் தாங்குமட்டம் என்று குறித்துக்கொள்வது ஒரு முறை. எல்லாவற்றையும்விட முக்கியமாக அவன் சொன்னது ஸ்டாப் லாஸ். வாங்கும்போதே, இந்த விலைக்குக் கீழே போனால் நான் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, தானாக விற்கும்படி இயந்திரத்தில் எழுதிவைத்துவிடுவது. "மனசுல வச்சுக்கிட்டா பத்தாது மாமா, அதுல எழுதணும்" என்று இரண்டு தடவை சொன்னான்.

என் சொந்தப் பணம் 20,000 ரூபாயைப் போட்டு ஆரம்பித்தேன். சித்திரையில் 3,400 ரூபாய் லாபம் வந்தது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதின கதைக்கு அதில் பாதி வந்தால் அதிகம். அந்த 3,400 தான் என்னைக் கெடுத்தது. முதலிலேயே நஷ்டம் வந்திருந்தால் நாவலுக்கு விஷயம் கிடைத்தது என்று எழுந்து வந்திருப்பேன்.

2024 ஜூன் 4. தேர்தல் முடிவு எண்ணின நாள். சென்செக்ஸ் ஒரே நாளில் 4,000 புள்ளிக்கு மேல் விழுந்தது. படத்தில் அன்றைய வத்தி ரத்தக் கோடு மாதிரி நீண்டு கிடந்தது. நான் மூன்று மாதமாகக் கவனித்துவந்த ஒரு சின்னக் கம்பெனியின் பங்கு 188-க்கு இறங்கி, அங்கேயே திரும்பியது. அதற்கு முன்பும் இரண்டு தடவை அதே 188-ஐத் தொட்டுத் திரும்பியிருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அதன்மேல் எந்தத் தப்பும் இல்லை. மூன்று தடவை தாங்கின தரை என்று நான் தீர்மானித்தேன். வங்கியில் தங்கையின் 4 லட்சம் தூங்கிக்கொண்டிருந்தது. டெபாசிட்டில் போடவேண்டும் போடவேண்டும் என்று நாலு மாதமாகத் தள்ளி வந்திருந்தேன். அதிலிருந்து எடுத்து, 192 ரூபாய் வீதம் 780 பங்கு வாங்கினேன். 1,49,760 ரூபாய்.

184-இல் ஸ்டாப் லாஸ் என்று முடிவு செய்தேன். இயந்திரத்தில் எழுதவில்லை, மனசில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை மாதக் கடைசியில் அந்தப் பங்கு 205 ஆயிற்று. அதே சமயம் அணையும் நிரம்பியது. அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை மத்தியில்கூட 50 அடிக்கும் கீழே, பழைய கோயில் நந்தி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நிலைமை. பிறகு குடகிலும் வயநாட்டிலும் கொட்டின கொட்டில் ஜூலை 30 அன்று 120 அடி. பதினாறு கண் மதகையும் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஓடிப் போனேன்.

தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பொதுப்பணித் துறையில் அணை மட்டம் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு கேஜ்காரர் என்றே பெயர். அவரும் நானும் வேடிக்கை பார்க்கப் போனோம். நுரையும் இரைச்சலுமாகத் தண்ணீர் போவதைப் பார்த்து நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைப்போனை எடுத்து என் பங்கின் படத்தைக் காட்டினேன். இதுவும் உங்கள் தொழில்தான், நாள்தோறும் மட்டம் எழுதுகிறார்கள், பாருங்கள், இதுதான் தரை, இதுதான் ஏற்றம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. வரத்து எவ்வளவுங்க?"

"இன்றைக்கு நாலு லட்சம் பங்கு கைமாறியிருக்கு."

"அது வாங்கினதுங்களா, வித்ததுங்களா?"

"இரண்டும்தான். ஒருத்தர் விற்றால்தானே இன்னொருத்தர் வாங்க முடியும்?"

"அப்படீன்னா வரத்தும் வெளியேத்தமும் எந்நாளும் சமம்னு சொல்லுங்க."

"ஆமாம்."

"சமமா இருந்தா மட்டம் எப்படிங்க ஏறும், இறங்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஏட்டில் எழுதின மனிதருக்குக் கணக்கு இடித்தது, கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக, விலை இன்னும் 230 வரை போகும் என்று படம் சொல்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"நானும் முப்பது வருசம் எழுதினனுங்க. நாளைக்கு மட்டத்த இன்னைக்கே ஒரு நாளும் எழுதினது இல்லீங்க. போன மாசம் கேட்டிருந்தா, இந்த வருசம் நெல்லு நட முடியாதுன்னுதான் நானே சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு விடிகாலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களை மூடியிருந்தது. செய்தி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. இங்கே தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கைப்போனைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள். நாங்களும் பேசாமல் திரும்பினோம்.

கேஜ்காரரின் கேள்வியை மருமகனிடம் கேட்டேன். "விலைங்கிறது கடைசியா ரெண்டு பேர் ஒத்துக்கிட்ட தொகை மாமா, அவ்வளவுதான்" என்றான். இதை முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அணை 120 அடி என்றால் 93 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் உண்மையாகவே அங்கே நிற்கிறது; அளந்து திறந்துவிடலாம், நெல் விளையும். பங்கு 205 என்றால், கம்பெனியின் கோடிப் பங்குகளில் ஏதோ நூறு பங்கை ஒருவன் 205-க்குக் கொடுத்தான், ஒருவன் வாங்கினான். மீதிப் பங்குகளுக்கும் அதே விலை என்று நாமாகப் பெருக்கிக்கொள்கிறோம். அத்தனை பேரும் ஒரே நாளில் விற்க வந்தால் 205 கொடுக்க அங்கே ஆள் இல்லை. நான் 188-இல் கண்டது தரையும் இல்லை, பாறையும் இல்லை. மூன்று சந்தர்ப்பத்தில், அந்த விலைக்கு வாங்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். நாலாவது தடவை அவர்கள் வந்தே தீரவேண்டும் என்று எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை.

நாலாவது தடவை அவர்கள் வரவில்லை. ஆகஸ்ட் மத்தியில் கம்பெனியின் காலாண்டுக் கணக்கு வெளியாயிற்று. லாபம் குறைவு. மறுநாள் காலை 9.15-க்குப் பங்கு 164-இல் திறந்தது. இடையில் 184 என்ற விலையே வரவில்லை, தாண்டிக் குதித்துவிட்டது. மருமகன் போன் செய்து, "எழுதி வச்சிருந்தீங்கல்ல மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்று பொய் சொன்னேன். எழுதி வைத்திருந்தாலும் 164-க்குத்தான் விற்றிருக்கும்; 21,840 ரூபாய் நஷ்டத்தோடு கதை முடிந்திருக்கும்.

எனக்குக் கதை முடிவது பிடிக்காது. தொழில் அப்படி. கம்பெனியை நடத்துவது மூன்றாம் தலைமுறை என்று எங்கோ படித்திருந்தேன். தாத்தா கட்டின கம்பெனியைப் பேரன் விட்டுவிடுவானா, கௌரவம் என்று ஒன்று இல்லையா என்று மனசுக்குள் ஒரு அத்தியாயம் எழுதினேன். விலை 150-க்கு வந்தபோது பேரன் கடன் வாங்கினான். 140-இல் நல்ல மானேஜர் ஒருவன் வந்து சேர்ந்தான். படத்தில் ஒரு பச்சை வத்தி தெரிந்தால் அது பேரனின் மனமாற்றம். சிவப்பு வத்தி தெரிந்தால் சோதனைக் காலம். கதை சொல்லிப் பிழைக்கிறவன் விலைப்படத்தின் முன்னால் உட்காரக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கோணல் கோட்டுக்கும் அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. சந்தை முழுவதும் விழுந்தது என்று சொல்லவும் வழியில்லை. செப்டம்பர் 27 அன்று சென்செக்ஸ் 85,978 வரை போய் வந்தது. ஊரெல்லாம் மழை, என் குட்டையில் மட்டும் வறட்சி.

அக்டோபரில் 118-க்கு விற்றேன். நஷ்டம் 57,720 ரூபாய். தரகு, வரி தனி. போட்டதில் நூற்றுக்கு 38 போயிற்று. போனதைத் திரும்ப எடுக்க நூற்றுக்கு 38 ஏறினால் போதுமே என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 118 மறுபடி 192 ஆகவேண்டுமானால் கிட்டத்தட்ட 63 ஏறவேண்டும். பள்ளிக்கூடக் கணக்குத்தான். போட்டுப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

மருமகனிடம் உண்மையைச் சொன்னேன். யாருடைய பணம் என்பதையும் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் கதையை ஆரம்பித்தான். அவன் பங்குகூட இல்லை, ஆப்ஷனில் போட்டவன். இரண்டு வருஷத்தில் அவன் இழந்தது என்னுடையதைப் போல் பல மடங்கு. அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறான். அதற்கு முந்தின மாதம் செபி வெளியிட்டிருந்த ஆராய்ச்சியைக் காட்டினான்: 2024 மார்ச்சில் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன், ப்யூச்சர் வியாபாரத்தில் இறங்கின தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டவர்கள், சராசரி ஆளுக்கு 2 லட்சம். "நான் அந்த 93-ல ஒருத்தன் மாமா. பாடம் மட்டும் நல்லா சொல்லித் தருவேன்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதி வை என்று இரண்டு தடவை சொன்னவன் அவன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மீதிப் பணத்தைத் தங்கையின் பேருக்கு மாற்றிவிட்டு மேட்டூர் போனேன். சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் உரித்தாள். 4 லட்சத்தில் 3,42,000 இருக்கிறது, மீதியை மாதாமாதம் தருகிறேன் என்றேன்.

"நீயாண்ணா?" என்றாள்.

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பணம் எங்கண்ணா போச்சு? யாரு எடுத்தா?" என்று கேட்டாள். விலை இறங்கிவிட்டது, சந்தையில் கரைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கி நிறுத்தினேன். கேஜ்காரர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கரைந்து போவதற்கு அது தண்ணீரா? ஜூன் மாதத்தில் ஒருவன் எனக்கு 192-க்கு விற்றான். பணம் அன்றைக்கே அவனிடம் போய்விட்டது. அதற்கப்புறம் நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் படம். அதை அப்படியே சொன்னேன்.

"யாரு அவன்?"

"தெரியாதம்மா. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அவன் எதுக்கு வித்தானோ. அவன் வீட்லயும் யாருக்காச்சும் ஆபரேஷன் இருந்திருக்கும்" என்றாள்.

பிறகு, வலது கால்தான் ரொம்ப வலிக்கிறது, இப்போதைக்கு அதை மட்டும் செய்துகொள்கிறேன், இடது காலைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குள் நீ கொடுத்துவிடுவாய் அல்லவா என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்குத் தட்டு எடுக்கப் போனாள்.